சும்மா இருப்பது யார்?

பட்டிமன்றத் தலைப்பு: பெண்ணின் உயர்வுக்குப் பெரிதும் துணை நிற்பது பிழைப்புக்கான படிப்பா? பெண்ணியல் படிப்பா?
இடம்: பாகாயம், வேலூர்
அணி: பெண்ணியல் படிப்பே!

அன்பும் அறிவும் நிறைந்த நடுவர் அவர்களே, எதிரணியிலே அமர்ந்திருக்கிற என் இனிய நண்பர்களே, என் அணித் தோழர்களே, குடும்பம் குடும்பமாக வந்து உட்கார்ந்திருக்கிற பாகாயத்துப் பெரியோர்களே, தாய்மார்களே, வீட்டிலே தொலைக்காட்சிக்கு முன்னால் காய் நறுக்கிக்கொண்டே பார்த்துக்கொண்டிருக்கிற சகோதரிகளே, அந்தக் காய் எப்போது குழம்பாகும் என்று பார்த்துக்கொண்டிருக்கிற சகோதரர்களே! (சிரிப்பு)

வேலூரைப் பற்றி ஒரு பழைய சொலவடை உண்டு. ஆறு உண்டு, தண்ணீர் இல்லை. கோட்டை உண்டு, ராஜா இல்லை. கோவில் உண்டு, சாமி இல்லை. இப்படி அடுக்கிக்கொண்டே போவார்கள். ஜலகண்டேஸ்வரர் 1981லேயே கோட்டைக் கோவிலுக்குத் திரும்பி வந்துவிட்டார். ஆகவே அந்த ஒரு வரி செல்லாது. ஆனால் அதே பட்டியலிலே இந்த ஊர்ப் பெண்களின் அழகைக் குறைத்துச் சொல்கிற வரி ஒன்றும் உண்டு. அதை நான் இங்கே சொல்ல மாட்டேன். சொன்னால் நான் பத்திரமாகக் காட்பாடி ஸ்டேஷன் போய்ச் சேர முடியாது. (சிரிப்பு)

ஆனால் ஒன்று கேட்கிறேன். ஆற்றையும் கோட்டையையும் எண்ணிக்கொண்டு வந்த பட்டியலிலே பெண்ணையும் ஒரு சாமானாகச் சேர்த்தது யார்? இந்த ஊர் ஆண்களின் அழகைப் பற்றி ஏன் ஒரு வரி இல்லை? இத்தனை காலமாக நாமும் கேட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே போகிறோமே, ஏன்? நடுவர் அவர்களே, இந்த 'ஏன்' இருக்கிறதே, இதை முறையாகக் கேட்கவும், கேட்டதற்குச் சான்றோடு விடை தேடவும் கற்றுக்கொடுக்கிற படிப்புக்குப் பெயர்தான் பெண்ணியல்.

நான் தமிழ் வாத்தியார். அதனாலே முதலில் சொல்லைச் சுத்தம் செய்துவிடுகிறேன். எதிரணித் தம்பி பேசும்போது பெண்ணியம், பெண்ணியல் இரண்டையும் ஒரே பாத்திரத்திலே போட்டுக் கிண்டிவிட்டார். பெண்ணியம் என்பது ஒரு கொள்கை. அதை ஏற்கலாம், மறுக்கலாம், வாதாடலாம். பெண்ணியல் என்பது ஒரு துறை. இயற்பியல், உயிரியல், பொருளியல் மாதிரி ஓர் இயல். தொல்காப்பியர் களவியல் என்றார், கற்பியல் என்றார். ஒன்றை ஊன்றிப் பார்த்து, வகைப்படுத்தி, காரணம் காட்டுவது இயல். கோஷம் போடுகிற வகுப்பு என்று பயப்பட வேண்டாம். கணக்குப் போடுகிற வகுப்பு அது.

இனி எதிரணிக்கு வருகிறேன். அவர்கள் அணித் தலைவர் ஒரு பெரிய கேள்வி கேட்டார். "நாம் நிற்பது பாகாயம். பக்கத்திலே உலகப் புகழ் பெற்ற சி.எம்.சி. மருத்துவக் கல்லூரி வளாகம். ஐடா ஸ்கடர் அம்மையார் இந்த ஊர்ப் பெண்களுக்கு டாக்டர் படிப்பும் நர்ஸ் படிப்பும் கொடுத்து உயர்த்தினாரா, பெண்ணியல் துறை ஆரம்பித்து உயர்த்தினாரா?" என்று கேட்டார். நீங்களும் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன். ஏனென்றால் என் கட்சிக்கு வேண்டிய சாட்சியை அவரே கூட்டிக்கொண்டு வந்து கூண்டிலே நிறுத்திவிட்டார். (சிரிப்பு)

ஐடா ஸ்கடர் 1870ல் ராணிப்பேட்டையில் பிறந்தவர். அப்பா டாக்டர். பாட்டனார் டாக்டர். ஆனால் அந்தப் பெண்ணுக்கு இந்த ஊரிலே இருந்து ஊழியம் செய்யும் எண்ணமே கிடையாது. 1890களின் தொடக்கத்திலே பெற்றோரைப் பார்க்கத் திண்டிவனம் வந்திருந்தார். ஓர் இரவு. ஒருவர் பின் ஒருவராக மூன்று கணவன்மார் வந்து கதவைத் தட்டுகிறார்கள். இருவர் இந்துக்கள், ஒருவர் இஸ்லாமியர். மூன்று வீட்டிலும் மனைவி பிரசவ வேதனையிலே துடிக்கிறாள். "அம்மா, நீங்க வாங்க" என்கிறார்கள். "நான் டாக்டர் இல்லையே, என் அப்பாதான் டாக்டர், அவரைக் கூட்டிப் போங்க" என்கிறார் ஐடா. மூன்று பேரும் மறுக்கிறார்கள். அந்நிய ஆண் வந்து எங்கள் வீட்டுப் பெண்ணைப் பார்க்கக் கூடாது. விடிந்தது. மூன்று பெண்களும் இறந்துபோனார்கள்.

நடுவர் அவர்களே, நிதானமாக யோசித்துப் பாருங்கள். அன்று இரவு திண்டிவனத்திலே டாக்டர் இருந்தார். வருவதற்குத் தயாராகவும் இருந்தார். கூப்பிடும் தூரத்திலே இருந்தார். அப்படியென்றால் அந்த மூன்று பெண்களும் எதனால் செத்தார்கள்? மருத்துவர் இல்லாததனாலா? இல்லை. வழக்கத்தால் செத்தார்கள். ஆண் தொடக்கூடாது என்றது ஒரு வழக்கம். பெண் டாக்டருக்குப் படிக்கக்கூடாது என்றது இன்னொரு வழக்கம். இரண்டு வழக்கமும் இரண்டு பக்கமும் கதவைச் சாத்தின. நடுவிலே அகப்பட்டுச் செத்தது பெண். (கைதட்டல்)

ஐடா அமெரிக்காவுக்குப் போய், கார்னெல் மருத்துவக் கல்லூரியிலே 1899ல் பட்டம் வாங்கினார். 1900ல் வேலூருக்கு வந்தார். 1902ல் மருத்துவமனை. 1909ல் நர்ஸ் பயிற்சிப் பள்ளி. 1918 ஆகஸ்ட் 12ல் பெண்களுக்கென்றே மருத்துவப் பள்ளி. 1922ல் முதல் வகுப்பிலே 14 பெண்கள் டாக்டராக வெளியே வந்தார்கள். இங்கே படித்தது மருத்துவம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பெண்ணைப் படிக்க அனுப்பியது எது? பள்ளியைக் கட்ட வைத்தது எது? "இந்தப் பெண்கள் ஏன் சாகிறார்கள்? பெண் டாக்டர் ஏன் இல்லை?" என்ற கேள்வி. அன்றைக்கு அதற்குப் பெண்ணியல் என்று பெயர் இல்லை. பெயர் இல்லாவிட்டாலும் கேள்வி அதுதான்.

இன்னொரு சேதி. அந்தக் கல்லூரியிலே ஆண் மாணவர்களுக்கு 1947ல்தான் இடம் கிடைத்தது. 29 வருஷம் ஆண்கள் வாசலிலே நின்றார்கள். நாடு சுதந்திரம் அடைந்த வருஷத்திலேதான் வேலூரிலே ஆண்களுக்கும் விடுதலை! (பலத்த சிரிப்பு, கைதட்டல்)

அடுத்து வந்த எதிரணித் தம்பி, "பெண்கள் கஷ்டம் என்னன்னு எங்க பாட்டிக்கே தெரியும், அதுக்கு எம்.ஏ. எதுக்கு?" என்றார். தம்பி, உங்கள் பாட்டிக்குக் கட்டாயம் தெரியும். உங்கள் தாத்தாவுக்குத் தெரியுமா? (சிரிப்பு) அரசாங்கத்துக்குத் தெரியுமா? பாட்டிக்குத் தெரிந்தது அடுப்படியிலேயே இருந்துவிட்டால் சட்டமாக எப்படி மாறும்? பாட்டி சொன்னால் அது புலம்பல். அதையே கணக்கெடுத்து, புள்ளிவிவரத்தோடு மேசையிலே வைத்தால் அது அறிக்கை. புலம்பலை அறிக்கையாக்குகிற வித்தைதான் இந்தப் படிப்பு.

ஒரு சான்று சொல்கிறேன். 1971ல் மத்திய அரசு, இந்தியப் பெண்களின் நிலையை ஆராய ஒரு குழு போட்டது. சட்டத்திலே ஆணும் பெண்ணும் சமம் என்று எழுதி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, பெண்கள் முன்னேறித்தான் இருப்பார்கள் என்று எல்லாரும் நம்பிக்கொண்டிருந்த காலம். குழுவின் உறுப்பினர் செயலர் வீணா மஜும்தார். 1974ல் 'சமத்துவத்தை நோக்கி' என்ற அறிக்கை வந்தது. உள்ளே என்ன இருந்தது? 1901ல் 1,000 ஆண்களுக்கு 972 பெண்கள். 1971ல் 930 பெண்கள். ரயில் வந்தது, மின்சாரம் வந்தது, ஓட்டுரிமை வந்தது, பெண்ணின் எண்ணிக்கை மட்டும் கீழே போயிருக்கிறது! பத்து வருஷத்துக்கு ஒரு தடவை எடுத்த கணக்கு அத்தனையும் அலமாரியிலேயேதான் இருந்தது. அதை எடுத்து வரிசையாக வைத்து, "இது என்ன?" என்று கேட்க ஆள் வேண்டியிருந்தது.

அந்த அதிர்ச்சியிலே பிறந்ததுதான் நம் நாட்டுப் பெண்ணியல் படிப்பு. 1974ல் பம்பாய் எஸ்.என்.டி.டி. பெண்கள் பல்கலைக்கழகத்திலே ஆய்வுப் பிரிவு தொடங்கியது. அமெரிக்காவிலே சான் டியகோவில் 1970ல்தான் ஆரம்பித்தார்கள். நாம் ரொம்பப் பின்தங்கவில்லை. நான்கு வருஷம்தான் வித்தியாசம். 1984ல் நம் தமிழ்நாட்டிலே பெண்களுக்கென்று அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் வந்தது. 1986 தேசியக் கல்விக் கொள்கையை ஒட்டிப் பல்கலைக்கழக மானியக் குழு பெண்ணியல் மையங்களுக்கு உதவ ஆரம்பித்தது. நம் பல்கலைக்கழகங்களிலே பெண்ணியல் துறை, மகளிரியல் துறை என்று பலகை ஏறியது இப்படித்தான்.

பலகை ஏறி என்ன ஆயிற்று? இப்போது வீட்டுக்குள்ளே வருகிறேன். "உங்க வீட்டம்மா என்ன செய்றாங்க?" என்று கேட்டால் நம்மவர்கள் என்ன சொல்வார்கள்? "சும்மாதான் இருக்காங்க." விடிகாலை ஐந்து மணிக்கு எழுந்து, வாசல் தெளித்து, காப்பி வைத்து, மூன்று டிபன் பாக்ஸ் கட்டி, மாமியாருக்கு மாத்திரை கொடுத்து, துணி துவைத்து, பாத்திரம் தேய்த்து, ராத்திரி பதினொரு மணிக்கு கேஸ் அடுப்பை மூடிவிட்டுப் படுக்கிறவளுக்குப் பெயர் 'சும்மா'! எட்டு மணிக்குப் பேப்பரை விரித்துவிட்டு எட்டரை வரைக்கும் அதே பக்கத்திலே இருக்கிறாரே, அவருக்குப் பெயர் குடும்பத் தலைவர்! (சிரிப்பு, கைதட்டல்)

இது என் ஆதங்கம் என்று எதிரணி சொல்லலாம். கணக்கு சொல்கிறேன். தேவகி ஜெயின் என்கிற பொருளாதார அறிஞர் 1970களிலேயே ராஜஸ்தான், மேற்கு வங்கக் கிராமங்களிலே, பெண்கள் ஒரு நாளின் 24 மணி நேரத்தை எப்படிச் செலவழிக்கிறார்கள் என்று பக்கத்திலே இருந்து பார்த்து எழுத ஏற்பாடு செய்தார். 1998-99ல் அரசாங்கமே ஆறு மாநிலங்களில் அப்படிக் கணக்கெடுத்தது. அந்த ஆறிலே தமிழ்நாடும் ஒன்று. 2019ல் நாடு முழுவதும் எடுத்தார்கள். விடை என்ன? வீட்டு வேலை செய்கிற பெண் அதற்கு ஒரு நாளைக்குக் கொடுக்கிற நேரம் 299 நிமிஷம். ஏறக்குறைய ஐந்து மணி நேரம். வீட்டு வேலை செய்கிற ஆண் கொடுக்கிறது 97 நிமிஷம். "பரவாயில்லையே, ஒன்றரை மணி நேரமா!" என்று அவசரப்பட்டுச் சந்தோஷப்படாதீர்கள். இது செய்கிற ஆண்களின் கணக்கு மட்டும். செய்கிறவர்கள் எத்தனை பேர்? பெண்களிலே 100க்கு 81 பேர். ஆண்களிலே 100க்கு 26 பேர்! மிச்சம் 74 பேர் யார் என்று நான் கேட்கவில்லை. இந்த அரங்கத்திலே சில பேர் தலையைக் குனிகிறார்கள், அது போதும். (பலத்த சிரிப்பு)

நம்ம ஆம்பூர் பிரியாணியையே எடுத்துக்கொள்ளுங்கள். ஊர் உலகமெல்லாம் பேர். கடையிலே அண்டா முன்னால் நிற்கிறவருக்கு என்ன பேர்? மாஸ்டர்! சம்பளம் உண்டு, உதவிக்கு ஆள் உண்டு, அவருக்குக் கோபம் வந்தால் முதலாளியே பயப்படுவார். அதே அரிசி, அதே கறி, அதே மசாலா. வீட்டிலே ஒரு பெண் ஆக்கினால் அவளுக்கு என்ன பேர்? "உப்பு கொஞ்சம் தூக்கல்!" (சிரிப்பு) வேலை ஒன்று. காசு கிடைக்கிற இடத்திலே ஆண், காசு இல்லாத இடத்திலே பெண். ஏன் இப்படிப் பிரிந்தது என்று சமையல் படிப்பு சொல்லித் தராது. பொருளாதாரப் படிப்பும் ரொம்ப நாள் சொல்லித் தரவில்லை. பெண்ணியல்தான் சொல்லித் தருகிறது.

ஆம்பூர் என்றதும் இந்தத் தோல் சீமையைப் பற்றிப் பேசாமல் போனால் அது துரோகம். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு. காலையிலே நெடுஞ்சாலையிலே நின்று பாருங்கள். கம்பெனி பஸ் ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். ஜன்னலெல்லாம் பெண்களின் முகம். நாம் கடையிலே பார்க்கிற, வெளிநாட்டுக்குக் கப்பலேறுகிற ஷூவின் மேல்பாகம், அப்பர் என்று சொல்கிறோமே, அதைத் தைக்கிற கைகளிலே பெரும்பாலானவை பெண்களின் கைகள். எதிரணி சொல்வார்கள், "பார்த்தீர்களா, பிழைப்பு பெண்ணை வீட்டை விட்டு வெளியே கொண்டுவந்துவிட்டது!" கொண்டுவந்தது, சந்தோஷம். சொந்தக் கையிலே சம்பளம் வந்தது, ரொம்ப சந்தோஷம். ஆனால் பஸ்ஸிலே ஏறாதவள் ஒருத்தி இருக்கிறாளே?

என்னிடம் பி.ஏ. தமிழ் படித்த ஒரு மாணவி, ஆம்பூர்ப் பக்கத்துக் கிராமம். மேலே பெண்ணியல் எம்.ஏ. படிக்க ஆசைப்பட்டாள். அப்பா நேரே கல்லூரிக்கே வந்துவிட்டார். நல்ல மனிதர். "அம்மா, நீங்களே சொல்லுங்க. பி.எட். படிச்சா வாத்தியார் வேலை. கம்ப்யூட்டர் படிச்சா சென்னையில வேலை. இதைப் படிச்சா என்ன வேலை? மாப்பிள்ளை வீட்டுல கேட்டா நான் என்னன்னு சொல்றது?" என்றார். நியாயமான கேள்வி. பெற்ற வயிறு கேட்கிற கேள்வி. அவரை ஏளனம் செய்ய எனக்கு மனசு வராது. எப்படியோ பேசி ஒப்புக்கொள்ள வைத்துச் சேர்த்துவிட்டோம்.

படிப்பிலே ஒரு கள ஆய்வு செய்ய வேண்டும். அந்தப் பெண் எங்கேயும் போகவில்லை. தன் வீட்டுத் திண்ணையிலேயே உட்கார்ந்தாள். அவளுடைய அம்மா, ஏஜென்ட் கொண்டுவந்து போடுகிற அப்பரை வீட்டிலே வைத்துக் கையாலே தைத்துக் கொடுக்கிறவர். ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி. ஒரு வாரம் முழுக்க மகள் கடிகாரத்தை வைத்துக்கொண்டு எழுதினாள். எத்தனை மணிக்கு ஊசியை எடுத்தார், எத்தனை தடவை குழம்பைக் கிளற எழுந்தார், விரலிலே எத்தனை தடவை ஊசி ஏறியது, நூலுக்குக் காத்திருந்த நேரம் எவ்வளவு, ஜோடிக்கு எத்தனை நிமிஷம், கையிலே வந்தது எவ்வளவு. வாரக் கடைசியிலே கூட்டி, வகுத்து, ஒரு மணி நேரத்துக்கு என்ன கூலி விழுகிறது என்று அம்மாவிடம் படித்துக் காட்டினாள். அந்த அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லையாம். அப்புறம் கேட்டாராம், "ஏண்டி, இவ்ளோ வேலையா நான் பாக்குறேன்? நான் வீட்டுல சும்மாதான் இருக்கேன்னு எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டு இருந்தேனேடி!"

(நீண்ட கைதட்டல்)

கைதட்ட வேண்டாம், யோசியுங்கள். அந்தத் தாய் எந்த கம்பெனியின் வருகைப் பதிவேட்டிலும் இல்லை. பி.எஃப். இல்லை, இ.எஸ்.ஐ. இல்லை, போனஸ் இல்லை. 'குடும்பத் தலைவி' என்று ஒரு வார்த்தைக்குள்ளே அவருடைய உழைப்பு முழுக்க ஒளிந்துகொண்டது. பிழைப்புக்கான படிப்பு அந்த மகளுக்கு வேலை வாங்கிக் கொடுத்திருக்கும். நான் இல்லை என்று சொல்லவே மாட்டேன். ஆனால் தன் தாயும் ஒரு தொழிலாளி என்று அவளுக்கு யார் காட்டியிருப்பார்கள்? அந்த நோட்டைப் பார்த்த அப்பா என்ன செய்தார் தெரியுமா? மறுவாரம் ஏஜென்டிடம் ஜோடிக் கூலியைக் கூட்டிக் கேட்கப் போனபோது அந்த நோட்டைக் கையோடு எடுத்துக்கொண்டு போனார். படிப்பு சோறு போடுமா என்று கேட்டவர் அவர்தான்!

இதே தோல் சீமையிலே இன்னொரு கணக்கு. பதனிடும் ஆலைக் கழிவு பாலாற்றையும் கிணறுகளையும் கெடுத்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கிலே 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் பெரிய தீர்ப்பு சொன்னது. கெடுத்தவர் பணம் கட்ட வேண்டும், பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு என்றது. நாடே கொண்டாடிய தீர்ப்பு. நானும் கொண்டாடுகிறேன். ஆனால் ஒன்று. நிலம் கெட்டது என்றால் பட்டாவைக் காட்டலாம். கிணறு உப்பானதும் தினமும் இரண்டு குடம் அதிகமாக, கூடுதல் தூரம் நடந்து தூக்கினாளே ஒருத்தி, அந்த இடுப்புக்குப் பட்டா உண்டா? (கைதட்டல்) சுற்றுச்சூழல் படிப்பு தண்ணீரை அளக்கும். சட்டப் படிப்பு நிலத்தை அளக்கும். அவள் நடந்த தூரத்தை அளப்பது பெண்ணியல்.

இங்கே டாக்டர்கள் நிறைய உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்களுக்காக ஒன்று. சோல்பிடெம் என்று ஒரு தூக்க மருந்து. பல வருஷமாக ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே அளவு. பெண்ணின் உடம்பிலே அந்த மருந்து மெதுவாகத்தான் இறங்குகிறது, மறுநாள் காலையிலும் ரத்தத்திலே தங்கிவிடுகிறது என்று தெரிந்து, 2013ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு பெண்களுக்குப் பரிந்துரைக்கிற அளவைப் பாதியாகக் குறைத்தது. அதுவரைக்கும் எத்தனை பெண்கள் காலையிலே மயக்கத்தோடு கார் ஓட்டினார்களோ! "ஆணுக்குச் சரியான அளவு பெண்ணுக்கும் சரியா?" என்று ஒரு கேள்வி. எதிரணி நண்பர்களே, நீங்கள் உயர்த்திப் பிடிக்கிற மருத்துவப் படிப்பே அந்தக் கேள்வி இல்லாவிட்டால் பாதிப் படிப்பு.

என் சொந்தக் கடைக்கும் வருகிறேன். சொல். நான் படிக்கிற காலத்திலே பத்திரிகையிலே ஒரு வார்த்தை வரும். கற்பழிப்பு. குற்றம் செய்தவன் ஒருவன். அழிந்தது யாருடையது? அவளுடைய கற்பு! அவன் செய்த குற்றத்துக்கு அவளுடைய மானத்தின் மேலே முத்திரை குத்துகிற சொல். இன்று 'பாலியல் வன்கொடுமை' என்று எழுதுகிறோம். சொல்லிலே குற்றவாளி பக்கம் மாறியது. நம் மாநிலத்திலேயே 1998ல் ஒரு சட்டம் வந்தபோது அதற்கு 'ஈவ் டீசிங்' தடைச் சட்டம் என்று பெயர். ஏதோ விளையாட்டுக் கேலி மாதிரி! 2002ல் திருத்தி, பெண்களைத் துன்புறுத்துவதைத் தடுக்கும் சட்டம் என்று பெயரையே மாற்றினார்கள். கொச்சையான பெயராலே அழைக்கப்பட்டவர்கள் திருநங்கை என்ற மரியாதையான பெயர் பெற்றதும், 2008ல் தமிழ்நாட்டிலே அவர்களுக்கு நல வாரியம் வந்ததும், 2014ல் உச்ச நீதிமன்றம் மூன்றாம் பாலினத்தை ஏற்றதும் இதே வரிசைதான். ஆண், பெண் என்ற இரண்டு பெட்டிக்குள்ளே எல்லா மனிதரையும் அடைக்க முடியுமா என்று கேட்பதும் இந்தத் துறையின் பாடம்தான். சரியான பெயர் வைத்த பிறகுதான் அநியாயம் கண்ணுக்குத் தெரியும். தெரிந்த பிறகுதான் வழக்கு, சட்டம் எல்லாம்.

நம் துணிக்கடைகளிலே நாள் முழுக்கப் பெண்கள் நின்றுகொண்டே புடவை எடுத்துப் போடுவார்கள். நாமும் உட்கார்ந்துகொண்டு, "அந்த மாம்பழ கலர் காட்டும்மா" என்போம். அவள் உட்கார்ந்து நாம் பார்த்திருக்கிறோமா? கடை ஊழியருக்கு உட்கார இருக்கை வேண்டும் என்று தமிழ்நாட்டிலே 2021ல் சட்டத் திருத்தம் வந்தது. ஒரு நாற்காலிக்குச் சட்டம்! நாம் எல்லாரும் பார்த்த காட்சிதான். பார்த்தும் தெரியாத காட்சி. கண்ணைத் திறந்து பார்க்கப் பழக்குவதைத்தான் நான் படிப்பு என்கிறேன்.

எதிரணி அம்மையார் கடைசியாகச் சொன்னார், "இதைப் படித்தால் குடும்பம் உடையும்" என்று. அம்மா, கேள்வி கேட்டால் உடைகிற குடும்பம், கேள்வி இல்லாததனால் ஒட்டிக்கொண்டு இருக்கவில்லை. ஒருத்தி மௌனமாக இருப்பதனால் ஒட்டிக்கொண்டு இருக்கிறது. அந்த மௌனத்துக்கு எத்தனை விலை என்று அவளைக் கேளுங்கள். குடும்பத்திலே மகளுக்குச் சொத்திலே சம உரிமை என்று 1989ல் தமிழ்நாடு சட்டம் போட்டது. நாடு முழுவதுக்கும் 2005ல் வந்தது. "அண்ணன் தங்கை உறவு போச்சு" என்று அப்போதும் சொன்னார்கள். இன்றைக்கும் பொங்கலுக்கு அண்ணன் சீர் கொண்டுபோகிறான், தங்கை சண்டையும் போடுகிறாள், சோறும் போடுகிறாள். எந்த உறவும் போகவில்லை! (சிரிப்பு, கைதட்டல்)

வேலைக் கேள்விக்கு வருகிறேன். நேர்மையாகவே பதில் சொல்கிறேன். பெண்ணியல் படித்தவர்களுக்குக் கம்பெனிக்காரர்கள் வாசலிலே வரிசையாக நிற்கிறார்கள் என்று நான் பொய் சொல்ல மாட்டேன். நிற்கவில்லை. ஆனால் கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்விலே பெண்ணியல் தனிப் பாடமாக இருக்கிறது. சமூக நலத் திட்டங்கள், சுய உதவிக் குழுக்கள், பாதிக்கப்பட்ட பெண்களுக்கான ஒருங்கிணைந்த சேவை மையங்கள், தொண்டு நிறுவனங்கள், பத்திரிகை என்று இடம் உண்டு. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்திலெல்லாம் பாலியல் புகார்களை விசாரிக்கக் குழு வேண்டும் என்கிறது 2013 சட்டம். அந்தக் குழுவிலே உட்கார விஷயம் தெரிந்தவர் வேண்டாமா? நான் ஒருபடி மேலே போய்ச் சொல்கிறேன். எம்.ஏ. படிக்க முடியாவிட்டாலும், பொறியியல் படிக்கிற பையனும், நர்ஸிங் படிக்கிற பெண்ணும், வக்கீலுக்குப் படிக்கிறவரும், போலீஸ் பயிற்சி பெறுகிறவரும் ஒரு தாளாவது பெண்ணியல் படிக்க வேண்டும். பையன் என்றேன், கவனியுங்கள். 100க்கு 26 என்ற கணக்கு மாற வேண்டும் என்றால் அந்த வகுப்பிலே முதல் பெஞ்சிலே உட்கார வேண்டியது பையன்தான்! (கைதட்டல்)

நிறைவாக, நடுவர் அவர்களே. பிழைப்புக்கான படிப்பை நான் குறைத்துப் பேசவில்லை. பசித்த வயிற்றுக்கு முன்னால் எந்தத் தத்துவமும் செல்லாது. ஆனால் தலைப்பு என்ன? பெண்ணின் பிழைப்பு அல்ல, பெண்ணின் உயர்வு. சம்பளம் வாங்கியும், அந்த ஏ.டி.எம். அட்டையைக் கணவன் சட்டைப் பையிலே வைத்திருக்கிற வீடு நமக்குத் தெரியாதா? இன்ஜினியர் ஆன பிறகும் வரதட்சணை கேட்கப்பட்ட பெண்ணை நமக்குத் தெரியாதா? வேலை கிடைத்தது. உயர்வு கிடைத்ததா? வேலைக்கும் உயர்வுக்கும் நடுவிலே ஓர் இடைவெளி இருக்கிறது. அது எங்கே ஆரம்பிக்கிறது, எதனாலே நிற்கிறது, எப்படி அடைப்பது என்று படிக்கிற படிப்பு ஒன்றுதான் இருக்கிறது.

இங்கே பிளஸ் டூ படிக்கிற பெண்கள் இருக்கிறீர்கள். உங்கள் பெற்றோர் இருக்கிறீர்கள். உங்கள் பெண் நாளைக்கு வந்து, "அப்பா, நான் பெண்ணியல் படிக்கிறேன்" என்று சொன்னால், "என்ன வேலை கிடைக்கும்?" என்று கட்டாயம் கேளுங்கள். அது உங்கள் உரிமை. அதோடு இன்னொன்றும் கேளுங்கள். "அதிலே என்னம்மா சொல்லித் தர்றாங்க? எனக்கும் கொஞ்சம் சொல்லு" என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வி போதும், உங்கள் வீட்டுத் திண்ணையே பல்கலைக்கழகம் ஆகிவிடும்.

திண்டிவனத்திலே ஒரே இரவில் மூன்று பெண்கள் வழக்கத்தால் செத்தார்கள். "ஏன்?" என்று ஒரு பெண் கேட்டதனால் பாகாயத்திலே ஒரு கல்லூரி நிற்கிறது. ஆகவே பெண்ணின் உயர்வுக்குப் பெரிதும் துணை நிற்பது 'ஏன்' என்று கேட்கக் கற்றுத் தருகிற பெண்ணியல் படிப்பே என்று நல்ல தீர்ப்பு வழங்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

(பலத்த கைதட்டல்)